பூம்பாவையை அழைத்த குரல்

(பங்குனிப் பெருவிழா, ஏழாம் திருநாள் இரவு நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று காலையில் கபாலீசுவரப் பெருமான் திருத்தேரில் எழுந்தருளி, மாட வீதிகளை வலம் வந்து, நிலை சேர்ந்தருளினார். நாளைக்கு எட்டாம் திருநாள். காலையில் பூம்பாவையார் உயிர்பெற்றெழுந்த ஐதிகம். பிற்பகலில் அறுபத்துமூவர் திருவீதி எழுந்தருளல். இவ்விரண்டுக்கும் நடுவே, வடம் பிடித்துக் கை சிவந்து, நடந்து கால் ஓய்ந்து வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களிடத்தில் நெடிய தத்துவ விசாரம் செய்வது முறையாகாது. ஆதலின், நாளைக்கு நீங்கள் காணவிருக்கும் விழாவின் உட்பொருள் ஒன்றனை மட்டும் எடுத்துக்கொண்டு சிறிது பேச எண்ணினோம். அப்பொருள் தனிமை.

இத்தனை பெரிய கூட்டத்தின் நடுவே தனிமையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். கூட்டத்தில்தான் அதைப் பேசவேண்டும். நடுக்காட்டில் தனித்து நடப்பவன் புலிக்கு அஞ்சுவான், கள்வனுக்கு அஞ்சுவான், இருட்டுக்கு அஞ்சுவான். 'என்னை நினைப்பார் ஒருவரும் இல்லையே' என்று காட்டில் நின்று அழமாட்டான். அந்த அழுகை ஊருக்குள் எழுவது. அதிலும் பெருநகரத்தில் மிகுதியாக எழுவது. ஆயிரம் பேர் தோளை உரசிக்கொண்டு போகும்போது, அவர்களுள் ஒருவருக்கும் நம் முகம் தெரியவில்லை என்று அறிகின்ற நொடியில் பிறப்பது.

இம்மாட வீதிகளில் யாம் முதன்முதலாகப் பங்குனிப் பெருவிழாக் காண வந்த நாளில் வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. திண்ணையில் யாரேனும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். போவார் வருவாரை நிறுத்தி, எந்த ஊர், யார் வீட்டுக்கு, என்ன செய்தி என்று வினவுவார். அவ்வினாக்கள் பல வேளைகளில் தொல்லையாகவே இருந்தன, அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் ஒருவர் மூன்று நாள் வெளியே வரவில்லையென்றால் நான்காம் நாள் அவர் கதவு தட்டப்படும். இன்று திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவும் வண்டி நிறுத்துமிடமும் அமைந்துவிட்டன. மேலே நான்கு மாடி, ஐந்து மாடி. நமக்கும் அடுத்த வீட்டாருக்கும் இடையே ஒரே சுவர்தான். அவர் வீட்டில் தாளிக்கும் கடுகு வெடிப்பது நமக்குக் கேட்கிறது. அவர் பெயர் என்னவென்று கேட்டால், கீழே வாயிற்காவலர் வைத்திருக்கும் குறிப்பேட்டைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அந்த வீடுகளில் யார் இருக்கிறார்கள்? மகன் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாக இருக்க, இரவில் கைப்பேசித் திரையில் பேரன் முகத்தைக் கண்டு, பகலெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தை நினைத்துக்கொண்டிருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். ஓர் அறையில் நால்வராகத் தங்கி, நால்வரும் நான்கு வேளைகளில் பணிக்குப் போய் வருவதால் ஒருவரோடொருவர் உண்ணவும் முடியாத இளைஞர்கள் இருக்கிறார்கள். சற்றுத் தள்ளிப் போனால், மெட்ரோ இரயில் பணிக்கும் கட்டடப் பணிக்கும் வடமாநிலங்களிலிருந்து வந்து, மொழியும் தெரியாமல் தகரக் கொட்டகையில் படுத்திருக்கும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாவரும் ஓர் ஊரில் வாழ்கிறார்கள் என்று சொல்கிறோம். வாழ்கிறார்களா, தங்கியிருக்கிறார்களா என்பதைச் சிந்திக்கவேண்டும்.

இஃது நம் ஊருக்கு மட்டும் வந்த துன்பமன்று. இங்கிலாந்து தேசத்தில் 2018-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், மக்களின் தனிமைத் துயரைக் கவனிக்கவென்றே அமைச்சர் ஒருவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பெற்றது. ஜப்பான் நாடும் 2021-இல் அவ்வாறே செய்தது. ஒருவர் தம் வீட்டில் தனியே இறந்து, பல நாள் யாரும் அறியாமல் கிடக்கும் சாவுக்கு அந்நாட்டு மொழியில் தனிப்பெயரே வழங்குகிறது என்றால் நிலைமையை எண்ணிப்பாருங்கள். 2023-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் இதனை ஆராய ஒரு குழுவை ஏற்படுத்தியது. உணவுக்கு அமைச்சர் உண்டு. நீருக்கு அமைச்சர் உண்டு. மனிதன் மனிதனோடு பேசுவதற்கும் ஓர் அமைச்சர் வேண்டும் என்ற நிலைக்கு உலகம் வந்துவிட்டது.

நம் சித்தாந்தம் இதனைப் பற்றி என்ன கூறுகிறது? தத்துவ விசாரம் வேண்டாம் என்று சொன்னோம். ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறோம். 'கேவலம்' என்ற வடசொல்லை இக்காலத்தில் இழிவு என்னும் பொருளில் வழங்குகிறோம். அதன் நேர்ப்பொருள் தனித்திருத்தல் என்பது. உயிர் ஆணவ இருளோடு கிடந்து, அறிவும் இச்சையும் செயலும் ஒன்றும் விளங்காதிருந்த நிலைக்குக் கேவலாவத்தை என்று பெயர். அந்நிலையில் உயிருக்குத் தன்னையும் தெரியாது, தலைவனையும் தெரியாது. அதனைக் கண்டு இரங்கியே இறைவன் உடலையும் கருவிகளையும் உலகத்தையும் போகத்தையும் தந்து, அவ்விருளினின்றும் வெளியே அழைத்து வருகிறான். உயிர் எதனையும் சாராது தனித்து நிற்கும் இயல்புடையதன்று. எதனைச் சார்கிறதோ அதன் தன்மையை அடைவது. ஆகவே துணை வேண்டி ஏங்குவது மனத்தின் கோழைத்தனம் என்று கூறுவார் கூற்று நமக்கு உடன்பாடன்று. சார்பு தேடுதல் உயிரின் இயற்கை. பசி எப்படியோ, அப்படி.

இங்கே ஒரு தடை எழும். "ஐயா, ஏகாந்தத்தை நம் பெரியோர் புகழவில்லையா? இதே திருமயிலையில் வாயிலார் நாயனார் பேசாதிருந்தே வீடு பெற்றாரே?" என்று கேட்கலாம். நல்ல தடை. வாயிலார் திருவுருவத்தை இத்திருக்கோயிலிலேயே தரிசிக்கிறோம். சேக்கிழார் பெருமான் அவர் வரலாற்றைப் பத்தே பாடல்களில் முடித்துவிடுகிறார். அப்பத்தில் ஏறத்தாழப் பாதி திருமயிலையின் வருணனை! கடல் வாணிகம், கலங்கள், யானைகள், மாடங்கள், வீதிகளின் ஆரவாரம். இவ்வளவு ஓசையையும் முதலில் கேட்கச் செய்துவிட்டு, அதன் நடுவே ஓசையற்ற ஓர் அடியாரைக் கொண்டுவந்து அமர்த்துகிறார். அவர் நினைவையே கோயிலாக்கினார். அறிவையே விளக்காக ஏற்றினார். ஆனந்தத்தால் திருமஞ்சனம் ஆட்டினார். அன்பைத் திருவமுதாகப் படைத்தார். கவனியுங்கள். அவர் நெஞ்சில் ஓர் உயிர்த்துணை எழுந்தருளியிருந்தது. நாள்தோறும் அமுது படைப்பதற்கு எதிரே ஒருவர் இருந்தார். அவர் தனியாக இருந்தார், தனிமையில் இருக்கவில்லை. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

அந்நிலை எளிதில் கைகூடுவதன்று. மனைவியை இழந்து, மக்களைப் பிரிந்து, மூன்றாம் மாடியில் அடைபட்டுக் கிடக்கும் ஒருவரைப் பார்த்து, "நீர் வாயிலாரைப் போல் மனக்கோயில் கட்டிக்கொள்ளும்" என்று உபதேசம் செய்துவிட்டுப் படியிறங்கிப் போவது அறமாகாது. அது பசித்தவனுக்கு ஏகாதசி மகிமை சொல்வது போன்றது. மெய்கண்ட தேவர் அவ்வாறு செய்யவில்லை. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் நூலின் முடிவான சூத்திரம். மலம் நீங்கி ஞானம் கைவந்த பெரியோர் உலகில் இருக்குமளவும் எவ்வாறு இருக்கவேண்டும் என்று கூறுவது. அவர்களுக்கும் ஆசிரியர் குகையைக் காட்டவில்லை. அடியாரோடு கலந்திருக்கவும், அவர்தம் திருவேடத்தையும் திருக்கோயிலையும் இறைவனாகவே கண்டு தொழவுமே பணிக்கிறார். ஞானிக்கே கூட்டம் வேண்டும் என்றால், நம் போல்வார்க்குச் சொல்லவேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு தலத்தில் யாம் ஒரு மண்டலம் தொடர் சொற்பொழிவு செய்தபோது கண்ட ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் நாள்தோறும் மாலையில் வருவார். நாள்தோறும் தம் பெயருக்கே ஓர் அருச்சனை செய்விப்பார். பிள்ளைகள் பெயருக்குச் செய்வார், பேரன் தேர்வுக்குச் செய்வார் உண்டு. இவர் தமக்கே செய்துகொள்வார். இது என்ன தன்னலம் என்று அருகிலிருந்தோர் சிலர் முணுமுணுத்தனர். ஒரு நாள் சொற்பொழிவு முடிந்தபின் விபூதிப் பிரசாதம் பெற வந்தவரிடம், "அம்மா, நாள்தோறும் உங்கள் பெயருக்கே அருச்சனை செய்கிறீர்களே, ஏதேனும் வேண்டுதலா?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க ஐயா. குருக்கள் ஐயா என் பேரைச் சொல்லி, நட்சத்திரத்தைச் சொல்லி, சாமிகிட்டே சொல்றாரு. நாள் முழுக்க என் பேரை வேற யாரும் சொல்றதில்லீங்க. அதைக் கேக்கத்தான் வர்றேன்" என்றார்.

யாம் அன்று இரவு உறங்கவில்லை. பதினைந்து நாள் அவர் எதிரே அமர்ந்து பெரியபுராணம் கேட்டிருக்கிறார். யாம் அவர் முகத்தைக் கண்டிருக்கிறோம். அறுபத்துமூவர் பெயரும் அவருக்குத் தெரியும். அவர் பெயரைக் கேட்டவர் ஒருவருமில்லை. மருத்துவமனையில் எண்ணைக் கொண்டு அழைக்கிறார்கள்; வங்கியில் எண்ணைக் கொண்டு அழைக்கிறார்கள்; குடியிருப்பில் கதவெண்ணைச் சொல்லி, அந்த வீட்டு அம்மா என்கிறார்கள். கணவர் இருந்தவரை ஒரு குரல் இருந்தது. அது போனபின் பெயரும் போயிற்று. கருவறைக்கு முன்னே அரை நொடி அப்பெயர் ஒலிக்கிறது. அதற்காக ஒருவர் அருச்சனைச் சீட்டு வாங்குகிறார் என்றால், பெயர் சொல்லி அழைத்தல் என்பது எவ்வளவு பெரிய தருமம் என்பது விளங்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நாளைய திருவிழாவுக்கு வருவோம்.

இத்திருமயிலையில் சிவநேசர் என்ற வணிகர் இருந்தார். கடல் வாணிகத்தால் பெரும் பொருள் ஈட்டியவர். பொருளுக்கேற்ற பத்தியும் உடையவர். தவமிருந்து பெற்ற மகள் பூம்பாவை. ஆளுடைய பிள்ளையாரின் புகழைச் செவியாரக் கேட்ட சிவநேசர், என் மகளும் என் செல்வமும் யானும் அப்பெருமானுக்கே உரியோம் என்று சுற்றத்தார் முன்னிலையில் மொழிந்துவிட்டார். அப்படியிருக்க, ஒரு நாள் மலர் கொய்யத் தோழியரோடு சோலை புகுந்த பெண்ணை அரவு தீண்டிற்று. விடம் தீர்ப்பார் பலரும் வந்தனர். ஒன்றும் பயன்படவில்லை. இக்கொடுமையைத் தீர்ப்பார்க்கு என் நிதியனைத்தும் கொடுப்பேன் என்று பறையறைவித்தார். அதற்கும் பலர் வந்தனர், வந்தபடியே போயினர். செல்வத்தால் ஆகாதது ஒன்று உண்டு என்பதை அவ்வணிகர் அன்று கண்டார்.

மகளைத் தீயிலிட்டபின் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்தார். பிள்ளையாருக்கு உரிய பொருளாதலின் அவரிடம் ஒப்படைக்கும் வரையில் காப்பது தம் கடன் என்று தெளிந்து, துயரம் நீங்கினார் என்பது புராணம். ஆயினும் அடுத்து அவர் செய்தவற்றைச் சேக்கிழார் சொல்லும்போது நம் நெஞ்சு கரைகிறது. அக்குடத்துக்குப் பட்டு உடுத்தினார், பொன்னும் முத்தும் அணிவித்தார், சாந்து பூசினார், மாலை சூட்டினார், நாள்தோறும் அமுது படைத்தார், இரவில் மலரணை விரித்தார். துயரம் நீங்கியவர் குடத்துக்கு மெத்தை விரிப்பாரோ? தெளிவும் துயரமும் ஒரே நெஞ்சில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கும் என்பதைப் பெற்றவர் அறிவர். அப்பெரிய மாளிகையில், ஏவலரும் சுற்றமும் நிறைந்திருக்க, குடத்தின் எதிரே ஒரு தந்தை ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார். நகரத்துத் தனிமைக்கு இதைவிட வேறு சித்திரம் வேண்டுமா? இன்றைக்கும் சில வீடுகளில், போன பிள்ளையின் அறை அப்படியே இருக்கிறது. மேசைமேல் புத்தகம் திறந்தபடி இருக்கிறது. நாள்தோறும் தூசி தட்டப்படுகிறது. உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிள்ளையார் திருவொற்றியூருக்கு எழுந்தருளினார் என்ற செய்தி வந்தது. சிவநேசர் திருமயிலையிலிருந்து திருவொற்றியூர் வரையில் நடைப்பந்தர் இட்டார் என்பது புராணம். இந்நாளில் அவ்வழியைப் பேருந்தில் கடப்பதற்கே நமக்குப் போதும் போதும் என்றாகிறது, அவர் பந்தரிட்டார்! எதிர்கொண்டு அழைத்து வந்தார். பிள்ளையார் கபாலீச்சரத்தைத் தொழுது, வெளியே வந்து, அவ்வெலும்புக் குடத்தைத் திருமதிற்புறத்தே பலரும் காணக் கொண்டுவருக என்றார். ஊர் கூடியது.

இப்பொழுது நம் கேள்வி இது. உயிர் போன ஒரு பெண்ணை மீட்க வந்த ஞானப்பிள்ளை என்ன பாடியிருக்கவேண்டும்? விடம் தீர்க்கும் மந்திரத்தைப் பாடலாம். நமனை அதட்டிப் பாடலாம். உடல் நிலையாமை, உயிரின் நிலைபேறு என்று ஞானம் பாடலாம். அவற்றுள் எதனையும் அங்கே காணோம். இரண்டாம் திருமுறையில் உள்ள அப்பதிகத்தில் அவர் பாடியது இவ்வூர்த் திருவிழாக்களை! அடியார்களுக்கு அமுது அட்டு இடும் சிறப்பை முதற்கண் பாடினார். பிறகு ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக எடுத்துக்கொண்டே போகிறார். அட்டமி விழா, பொற்றாப்பு விழா, பெருஞ்சாந்தி என்று முடிக்கிறார். ஒவ்வொரு விழாவையும் சொல்லி, இதனைக் காணாமலா போகிறாய் என்று அப்பெண்ணையே கேட்கிறார். பத்துப் பாட்டிலும் அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறார். பத்து முறை!

மந்திரம் எங்கே இருக்கிறது என்று தேடுவோர்க்கு எமது விடை இது: பெயர் சொல்லி அழைத்ததில் இருக்கிறது. 'நீ இல்லாமல் எங்கள் விழா நடக்குமா' என்று ஓர் ஊர் கேட்பதில் இருக்கிறது. பிள்ளையார் அவளைத் தந்தையின் துயரத்துக்காகத் திரும்பி வரச் சொல்லவில்லை. செல்வத்தைச் சொல்லி ஆசை காட்டவில்லை. விளக்கேற்றும் மகளிர், ஆதிரை நாள், நெய் மணக்கும் பூசச் சோறு, கடலாடும் கூட்டம், பங்குனி உத்திரத்தின் பேரொலி ஆகியவற்றைக் காட்டினார். பலரோடு கூடிக் காண்பவையாகவே காட்டினார். தனிமாடத்தில் பட்டுச் சுற்றிக் கிடந்த குடத்தை வீதிக்குக் கொண்டுவரச் செய்து, வீதியின் இன்பத்தையே பாடினார். பதிகம் நிறைவுறும் தறுவாயில் குடம் உடைந்தது. பன்னிரண்டு ஆண்டுக் கன்னியாகப் பூம்பாவையார் வெளிப்பட்டார்.

அதன்பின் சிவநேசர் மகளை மணஞ்செய்துகொள்ள வேண்டினார் என்பதும், உயிரளித்தமையால் யாம் தந்தை முறை என்று பிள்ளையார் மறுத்தருளினார் என்பதும் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றை விரிக்கவில்லை.

"அவர் ஞானசம்பந்தர். அழைத்தால் எலும்பும் எழும். நாங்கள் அழைத்தால் அடுத்த வீட்டுக்காரர் கதவைக்கூடத் திறக்கமாட்டாரே" என்று ஒருவர் முன்வரிசையில் எண்ணுவது எமக்குத் தெரிகிறது. உண்மைதான். ஆயினும் இந்நகரம் அவ்வளவு கல்நெஞ்சமுடையதன்று என்பதை அண்மைக் காலத்திலேயே கண்டோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் அடையாற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. அன்று கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் படகுகளை நகர வீதிகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதிபத்த நாயனார் மரபினர் அல்லவா! யார், என்ன குலம், எந்த மதம் என்று கேளாமல் மாடிகளிலிருந்து மக்களை இறக்கிக் கரை சேர்த்தார்கள். ஒரே கட்டடத்தில் பத்தாண்டுகள் இருந்தும் பேசாதவர்கள், மின்சாரம் போன மொட்டை மாடியில், ஒரே பாத்திரத்துக் கஞ்சியைப் பகிர்ந்துகொண்டபோது முதன்முதலாகப் பெயர் கேட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாண்டு சென்று வந்த துன்பம் இதனினும் கொடியது. வெள்ளத்தில் ஒருவர் கையை ஒருவர் பற்றலாம். 2020-இல் வந்த பெருந்தொற்றில் கையைப் பற்றுவதே குற்றமாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் திருக்கோயில்களில் அன்பர்களுக்கு வழிபாடு நிறுத்தப்பெற்றது. அப்பங்குனியில் அறுபத்துமூவர் இவ்வீதிகளில் எழுந்தருளவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் இந்நகரில், அந்நோயால் உயிர் நீத்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து துரத்தியது. ஊர் என்பது எப்பொழுதும் தாயாக இருப்பதில்லை. இதனையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே இரவில், அவரோடு பணிபுரிந்த மற்றொரு மருத்துவர் காவலரோடு திரும்பச் சென்று, தம் கையாலேயே மண் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். இரண்டும் ஒரே ஊரில், ஒரே இரவில் நிகழ்ந்தன.

துன்ப காலத்தில் அன்பு என்ன செய்யும் என்பதற்குத் திலகவதியார் வரலாற்றை நினைக்காமல் இருக்க முடியாது. திருவாமூரில் தந்தை புகழனார் மறைந்தார். தாய் மாதினியார் உடன் சென்றார். மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்த செய்தி அடுத்து வந்தது. பன்னிரண்டு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு மூன்று இழப்பு! அவர்க்கே என் உயிரும் உரியது என்று உயிர் விடத் துணிந்தார். தம்பி மருணீக்கியார் அக்காளின் அடியில் விழுந்து அழுதார். அன்னையும் அத்தனும் போனபின் உம்மைத் தொழலாம் என்றே உயிர் வைத்திருக்கிறேன்; நீரும் போவதானால் உமக்கு முன்னே நான் போவேன் என்றார். அக்குழந்தையின் சொல் அவரைப் பற்றி நிறுத்திற்று. தம்பி வாழவேண்டும் என்பதற்காகத் தாம் வாழ்ந்தார். அருமையான தத்துவம் எதுவும் அங்கே பேசப்படவில்லை. எனக்கு நீ வேண்டும் என்று ஒரு குரல் சொன்னது. அவ்வளவே.

அத்தம்பி வளர்ந்து வேற்றுச் சமயம் புகுந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் ஆனார். அக்காள் மீண்டும் தனியரானார். திருவதிகை வீரட்டானத்தையடைந்து, அலகிட்டு, மெழுகிட்டு, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். தம்பியை ஆட்கொள்ளவேண்டும் என்று பெருமானிடத்தில் நாள்தோறும் விண்ணப்பித்தார். தம்பிக்குச் சூலை வந்தது. மருந்தும் மந்திரமும் கைவிட்டன. அக்காளை நினைத்து இரவோடு இரவாக வந்து திருமடத்து வாயிலில் விழுந்தார். நம் வீடுகளில் என்ன சொல்வோம்? "அன்றே சொன்னேனே, கேட்டாயா?" என்போம். நாலு நாள் அதையே சொல்லுவோம். திலகவதியார் எழுந்திரு என்றார். அவன் திருவருளை எண்ணித் தொழுதார். திருநீற்றை அளித்தார். திருப்பள்ளியெழுச்சி வேளையில் தாம் அலகிடப் போகும்போது தம்பியையும் அழைத்துச் சென்றார். நாவுக்கரசர் நமக்குக் கிடைத்தார்.

நாளைக்கு மாட வீதி நெடுக நீர்மோரும் பானகமும் சித்திரான்னமும் வழங்குவார்கள். பதிகத்தின் முதற்பாட்டு அமுதளித்தலில் தொடங்குவதற்கு இசைந்த திருப்பணி அது. வழங்குவோர் கைகளை வணங்குகிறோம். ஆனால் சில ஆண்டுகளாக ஒன்றனைக் காண்கிறோம். தொன்னையை நீட்டுபவர் முகம் அடுத்த தொன்னையை நோக்கியிருக்கிறது. வாங்குபவர் முகம் அடுத்த பந்தலை நோக்கியிருக்கிறது. கூட்டத்தில் அவ்வளவுதான் இயலும் என்பர். ஒப்புக்கொள்கிறோம். இரவில் கூட்டம் கலைந்தபின் உங்கள் கட்டடத்துப் படியேறும்போதாவது, இருபதாண்டாகத் தெருப்பக்கம் வராத அந்த மூன்றாம் வீட்டுக்காரர்க்கு ஒரு தொன்னைப் பிரசாதம் கொண்டுபோகலாம். மாடியிலிருந்தபடியே அவர் மேளம் கேட்டுக்கொண்டிருப்பார். முதல் நாள் கதவு பாதிதான் திறக்கும். பிள்ளையாரே பத்துப் பாட்டுப் பாடவேண்டியிருந்தது.

நேரமாகிவிட்டது, ஒலிபெருக்கிக்காரரும் எம்மை இருமுறை பார்த்துவிட்டார். நாளைக் காலையில் திருக்குளத்தருகே ஆளுடைய பிள்ளையார் எழுந்தருள்வார். குடம் கொண்டுவரப்பெறும். ஓதுவாமூர்த்திகள் பதிகத்தை ஓதுவார்கள். விழாக்களின் பெயர் ஒவ்வொன்றாக வரும். பங்குனி உத்திரம் ஏழாம் பாட்டில் வரும். வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். தனியே வந்து ஒதுங்கி நிற்கும் முதியோர்க்கு நிழற்பக்கம் இடம் விடுங்கள். பதிகம் ஓதும்போது கைப்பேசியை உயர்த்திப் பிடிக்காதிருந்தால், பின்னே நிற்கும் குழந்தைகளும் பூம்பாவையார் எழுந்து வருவதைக் காண்பார்கள்.

திருச்சிற்றம்பலம்.